கையில் மங்குஸ்தான் பிடித்திருக்கும் மதினிக்கு

என் பிரியத்துக்குரிய கோமதி மதினி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் பீரோவுக்கு முன்னால் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பல்கூடத் தேய்க்கவில்லை. கண்ணாடியில் நீங்கள் ஒட்டிவிட்டுப் போன இரண்டு ஸ்டிக்கர் பொட்டுகளும் அப்படியே இருக்கின்றன. மேலே மெரூன், கீழே கறுப்பு. மேல் பொட்டு நெற்றிக்கு, கீழ்ப் பொட்டு தாடைக்கு. படம் வரைய உட்காரும் ஒவ்வொரு தடவையும் முகம் அதே இடத்துக்கு வரவேண்டும் என்று நீங்கள் வைத்துக்கொண்ட அடையாளம்.

நான் உட்கார்ந்தபோது மேல் பொட்டு என் மூக்கு நுனியில் வந்து நின்றது. முதுகை வளைத்துத் தலையை இறக்கி, ஒருவழியாக நெற்றியைப் பொட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது தாடை கீழ்ப் பொட்டைத் தாண்டிப் போய்விட்டது. உங்கள் முகம் இவ்வளவு சின்னதா மதினி? பதினெட்டு வருஷம் உங்களோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்கு இது தெரியாமல் போயிருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அன்றைக்குத் தென்காசியிலும் நம் ஆய்க்குடியிலும் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் பதினொரு பெயர்கள் இருந்தன. கணவர், மகன், செங்கோட்டையிலிருக்கும் உங்கள் அண்ணன்மார், அவர்கள் பிள்ளைகள். என் அண்ணனோடு போலீஸ் ஸ்டேஷனில் வேலை பார்த்த இரண்டு பேர்கூட இருந்தார்கள். என் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. கட்டிக்கொடுத்துத் திரும்பி வந்துவிட்ட நாத்தனாரின் பெயரை எந்த வரியில் போடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸ்டாப் சுவரில் அந்தப் போஸ்டர் மழையில் கரைந்து உரிந்து விழும்வரை, தினமும் அதன் கீழே நின்றுதான் நான் ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறினேன்.

உங்களுக்குச் சொல்லவேண்டிய சேதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் அதே மேசை, அதே மின்விசிறி. அண்ணன் இப்போது தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறார். சர்க்கரை டப்பாவை மூடத்தான் இன்னும் வரவில்லை. குமார் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் கூப்பிடுகிறான். அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மழை உண்டா என்று கேட்டுக்கொள்கிறார்கள். சாரல் இந்த வருஷம் பிந்தித்தான் வந்தது, இன்னும் விடவில்லை. துணி காய்வதில்லை. நீங்கள் இருந்தால் ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டியிருப்பீர்கள். எனக்கு எங்கே கட்டுவீர்கள் என்று தெரியும், கட்டத்தான் தோன்றவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சடங்குக்கு முன் வீட்டில் உங்கள் படம் மாட்டவேண்டும். மாட்டுவதற்கு ஒரு படம் இல்லை. இதற்கு நீங்கள்தான் காரணம். கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்பு என்று எந்த ஆல்பத்தை எடுத்தாலும் யார் தோளுக்காவது பின்னால் உங்கள் பாதி முகம்தான். உங்கள் கல்யாண ஆல்பம் நமுத்துப்போய்ப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. உரித்துப் பார்த்தேன், அண்ணனின் வேட்டியில் உங்கள் புடவை நிறம் வந்துவிட்டது. ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிக் கொண்டுவந்த அண்ணன், கவரைப் பிரித்ததும் ரொம்ப நேரம் பார்த்தார். நம்ம ஸ்டேஷன்ல வச்சு எடுத்த மாதிரில்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, திரும்பக் கவருக்குள் போட்டுவிட்டார்.

ஆகக் கடைசியில் மிஞ்சியது நீங்களே வரைந்ததுதான்.

குமார் பள்ளிக்கூடத்தில் மிச்சம் வைத்த கலர் டப்பாக்களில் ஆரம்பித்தீர்கள். நான் திரும்பி வந்த அதே வருஷம். எட்டு மாதக் குடித்தனத்தை முடித்துக்கொண்டு ஒரு சூட்கேஸோடு வாசலில் நின்ற என்னை நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து, இரண்டாவது தட்டில் இருந்த உங்கள் புடவைகளை அள்ளி மேல்தட்டில் திணித்துவிட்டு, இந்தத் தட்டு ஒனக்கு என்றீர்கள். அதற்குப் பிறகு நான் அந்த அறைக்கு வந்து போவதற்குக் காரணம் தேவைப்படவில்லை. அப்படி ஒரு நாள் புடவை எடுக்க வந்தபோதுதான், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து உங்களையே நீங்கள் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

எதுக்கு உங்களையே வரையுதீங்க என்று கேட்டேன். வேற யாருட்டி ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்து தருவா என்றீர்கள்.

ஆறு படங்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் கையில் ஏதோ ஒன்று. குக்கரின் வெயிட்டை மோதிரத்தைப்போல இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்று. மடக்கிய குடையோடு ஒன்று. அண்ணனின் போலீஸ் தொப்பியைக் கோழியை இடுக்கிக்கொள்வதைப்போல அக்குளில் இடுக்கிக்கொண்டிருப்பது மூன்றாவது. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் குதித்தது நினைவிருக்கிறதா? டிபார்ட்மெண்ட்டுல எவனாவது பாத்தா என்னாகும் என்றார். நீங்கள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, தொப்பி ஒங்களுது, அக்குளு என்னுது, எவன் கேக்குதான்னு பாப்போம் என்றீர்கள். அண்ணன் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே போனார். அந்தப் படத்தோடு சேர்த்து முதல் ஐந்தையும் பரணில் கரையான் தின்றுவிட்டது. வெறும் உள்ளங்கையை விரித்துக்காட்டியபடி ஒன்று வரைந்தீர்கள், அதுதான் ரொம்பச் சிரமமாக இருந்தது என்பீர்கள்.

ஒரு தடவை நான் கேட்டேன், முகத்தை மட்டும் வரைந்தால் போதாதா, கையில் எதற்கு இதெல்லாம் என்று. அப்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

"முகம் எங்க அம்ம குடுத்தது. அதுல நான் செய்யதுக்கு ஒண்ணும் இல்ல. கைல எதப் பிடிக்கணும்ங்கத மட்டும் நான் முடிவு பண்ணலாம்லா."

ஆறாவது படம்தான் இப்போது பிரச்சினை. போன வருஷம் ஆனி மாதம். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மூன்றாவது கீமோ ஊசி போட்டு வந்திருந்தீர்கள். தலையில் ஒரு முடி இல்லை. புருவமும் இல்லை. டோப்பா வாங்கித்தருகிறேன் என்று அண்ணன் சொன்னதற்கு, போதும் என்பதற்கு உங்கள் செங்கோட்டைப் பேச்சில், மதி, இருக்கிற பாரமே மதி என்று முடித்துவிட்டீர்கள். நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்ளுங்களேன் என்று நான் சொன்னேன். பொட்டெல்லாம் கண்ணாடிக்குப் போயிட்டுல்லா என்றீர்கள்.

பிறகு என்னைக் குற்றாலம் ஐந்தருவிக்கு அனுப்பினீர்கள். மங்குஸ்தான் வேண்டும், ஒரே ஒரு பழம், அடியில் நாலு இதழ் இருக்கவேண்டும். அஞ்சு, ஆறு வேண்டாம், நாலுதான் வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் தெரியாதவர்கள் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். மங்குஸ்தான் பழத்தின் அடிப்பக்கத்தில் பூவைப்போல ஒரு சின்ன முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. சீசன் தவறாமல் நாம் இருவரும் பழத்தைக் கவிழ்த்து எண்ணிவிட்டு, உடைத்துப் பார்ப்போம். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. உள்ள என்ன இருக்குன்னு வெளிய சொல்லிட்டு நிக்குத பழம் இது ஒண்ணுதான் என்று நீங்கள் வருஷா வருஷம் சொல்வீர்கள். நானும் புதிதாகக் கேட்பதைப்போலக் கேட்டுக்கொள்வேன்.

நாலு இதழ் பழம் லேசில் கிடைக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக்காரம்மா திட்டத் திட்ட மூன்று கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏன் நாலு என்று கேட்டேன். வரையதுக்கு லேசா இருக்கும்லா என்றீர்கள். நம்பிவிட்டேன்.

பதினொரு நாள் வரைந்தீர்கள். வலது கையில் பிரஷ், இடது கையில் பழம். ஐந்து நிமிஷத்துக்குமேல் இடது கை நிற்காது, நடுங்க ஆரம்பித்துவிடும். அதனால் நான் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியில் விழாதபடி குனிந்துகொண்டு, உங்கள் முழங்கையை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தேன். கல்லூரியிலிருந்து வந்ததும் தினமும் அதுதான் வேலை. உங்கள் முழங்கை என் கையில் சுடும். ஒரு குருவியைப் பிடித்திருப்பதைப்போல இருக்கும், எடையே இருக்காது.

ஆவணியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன புதன்கிழமை அண்ணன், அந்த ஆறாவது படம் வரைந்த பலகையைக் கூடத்துக்கு எடுத்துவந்து நாற்காலியில் சாய்த்துவைத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது கொஞ்ச நேரம்தான். கையில் இருப்பது என்ன, பீட்ரூட்டா என்று கேட்டார். மங்குஸ்தான் என்றேன். மூக்குத்தி எடப் பக்கம் இருக்கு, அவளுக்கு வலப் பக்கம்லா, இதுகூடத் தெரியாமலா வரைஞ்சா என்றார். கண்ணாடியைப் பார்த்து வரைந்தால் அப்படித்தான் வரும் என்றேன். அவர் காதில் விழவில்லை. தென்காசியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஏற்கெனவே பேசிவிட்டாராம். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சரி பண்ணி, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். தலைக்கு முடி, முடி நிறையப் பூ, நெற்றியில் குங்குமம், கையில் பழத்தை எடுத்துவிட்டுத் தாமரை. நான் பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்து, கூட இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும்.

காரணத்தையும் அவராகவே சொன்னார்.

"அவ சுமங்கலியாப் போயிருக்கா. தல நெறயப் பூவோட இருக்கணும். மொட்டத் தலையோட அவளத் தெனமும் நான் பாக்கணுமாக்கும்?"

சொல்லிவிட்டு டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். திரையில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் விளம்பரம் முடிந்து மறுபடியும் அதே விளம்பரம் வந்தபோதும் அவர் கண் அங்கேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் தலையணையில் கிடந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட மனுஷர். அவரை எப்படிக் குறை சொல்ல?

ஆனால் அடுத்து ஒன்று சொன்னார். புதுப்படம் வந்ததும் பழைய பலகையைச் சிற்றாற்றில் விட்டுவிடலாம், திவசத்துக்குப் போகும்போது உங்கள் பழந்துணியோடு சேர்த்துக்கொண்டு போய்விடலாம் என்றார். கண்ணாடி உடைந்த சாமி படங்களையும் பழைய காலண்டர் முருகனையும் நாம் அப்படித்தானே ஆற்றில் விடுவோம். குப்பையில் போடக்கூடாதவற்றுக்கு இருக்கிற மரியாதை அது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். இந்த வீட்ல அது இருக்க வேண்டாம்ட்டி என்றார்.

சரிண்ணே என்றேன். பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் நான் சொல்லிவந்த ஒரே பதில்.

நேற்றுச் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, பலகையைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போனேன். பஸ்ஸில் உங்களை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா டி.வி.யா என்று கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன்.

கடையில் டிசைன் செய்கிறவள் முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் சூயிங்கம். உங்களை ஸ்கேன் செய்து திரையில் ஏற்றி, எங்கிருந்தோ ஒரு தலைமுடியைக் கொண்டுவந்து ஒரு நிமிஷத்தில் உங்கள் தலையில் பொருத்திவிட்டாள். "மேடம், பிச்சி வைக்கவா, மல்லி வைக்கவா? கனகாம்பரமும் இருக்கு, ஆனா கொஞ்சம் பழைய ஸ்டைலா தெரியும்" என்றாள். எனக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. சிரிப்பு வந்தது. நீங்கள் இருந்தால் மூன்றையும் வைக்கச் சொல்லியிருப்பீர்கள். பிச்சி என்றேன்.

பிறகு மூக்குத்திக்கு வந்தாள். படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டாள். மதினி, ஒரு நொடியில் நீங்கள் வந்துவிட்டீர்கள். சமையல்கட்டிலிருந்து எட்டிப்பார்த்த அதே முகம். அதுவரை அந்தப் பலகையில் ஏதோ ஒன்று ஒட்டவில்லையே என்று எனக்கு இருந்துகொண்டே இருந்தது. என்ன என்று அப்போது புரிந்தது. உங்களை நாங்கள் பார்த்த முகம் வேறு, உங்களை நீங்கள் பார்த்த முகம் வேறு. நீங்கள் ஒருத்தி மட்டும் பார்த்த முகம் அந்தப் பலகையில் தவிர வேறு எங்கும் இல்லை. அதைத்தான் வெள்ளிக்கிழமை ஆற்றில் விடப்போகிறோம்.

திருப்பிப் போட்டதில் ஒரு சிக்கல் வந்தது. மூக்குத்தி வலப்பக்கம் வந்துவிட்டது, ஆனால் கை இடது கையாகிவிட்டது. இடது கையில் தாமரை பிடித்தால் நல்லா இருக்காதே மேடம் என்றாள். மூக்குத்தியை மட்டும் தனியாகத் தூக்கி வைத்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வலது கையில் பிரஷ் இருந்தது, அதனால் இடது கையில்தான் பிடித்திருந்தார்கள், உண்மை அதுதான் என்றேன். எப்படித் தெரியும் என்பதைப்போலப் பார்த்தாள். அப்புறம் திரையில் உங்கள் முழங்கையைக் காட்டி, இது எதன்மேல் இருக்கிறது, அந்தரத்தில் நிற்கிறதே, கீழே ஒரு மேசை போட்டுவிடவா என்றாள்.

என் உள்ளங்கை சுட்டது.

பழத்தை எடுப்பதற்காகப் பெரிதாக்கினாள். உங்கள் விரல்கள் திரைக்கு வெளியே போய், மங்குஸ்தானின் அடி மட்டும் முழுத்திரைக்கும் வந்தது. நாலு இதழ். இது என்ன பூவா என்று கேட்டாள். சொன்னேன், உள்ளே எத்தனை சுளை என்று வெளியே காட்டும் என்று. அவளுக்கு ஆச்சரியம். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதுவரை தெரியவில்லை. மவுஸால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"அப்போ உள்ள நாலு சுளை. வீட்டுல எத்தன பேர் மேடம்?"

சும்மாதான் கேட்டாள். மூன்று பேர் என்று சொல்ல வாயெடுத்தேன். ரேஷன் கார்டில் மூன்று பேர். அண்ணன், நீங்கள், குமார். யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன். அண்ணன் வீட்டில் மூன்று பேர், நான் அங்கே இருக்கிறேன். வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

வரைய லேசாக இருக்கும் என்றா நாலு கேட்டீர்கள் மதினி? உண்மையாகவா? ஐந்து இதழ் வரைய உங்களுக்கு என்ன கஷ்டம்? போலீஸ் தொப்பியின் மூன்று சிங்கத்தையும் பல் தெரிய வரைந்தவர் நீங்கள். ஆனால் அதுதான் காரணம் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், இனி வேறு பதில் கிடைக்காது. நான் ஆசைப்படுகிறேன் என்பதற்காகப் படத்துக்கு அர்த்தம் கற்பிக்கிறேனோ என்னவோ.

பழம் இருக்கட்டும் என்றேன் அந்தப் பெண்ணிடம். சார் தாமரைதான் சொல்லிருக்காங்க என்றாள். சார்ட்ட நான் சொல்லிக்கிடுதேன் என்றேன். முடி வையுங்கள், பிச்சி வையுங்கள், குங்குமம் வையுங்கள், எதை வேண்டுமானாலும் வையுங்கள். கையைத் தொடவேண்டாம். மேசையும் வேண்டாம். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் சூயிங்கத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டு, சரி மேடம் என்றாள்.

பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் ஆய்க்குடி பஸ்ஸில் ஏறவில்லை. ஐந்தருவிக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. கூட்டம் குறைந்துவிட்டது, பாதிக் கடைகளில் தார்ப்பாயை இறக்கிவிட்டார்கள். அதே கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் கூடையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார்.

"போன வருசம் எங்கூடையக் கவுத்துனவதான நீ? நாலு சொள நாலு சொளன்னு என் உசுர வாங்குனியே. அந்தப் பழம் எப்டி, இனிச்சுதா?"

அந்தப் பழத்தை நாம் சாப்பிடவே இல்லையே. பதினொரு நாள் உங்கள் கையிலும் பீரோ தட்டிலுமாக இருந்து, வரைந்து முடித்த அன்று உடைக்கப் பார்த்தால் மரக்கட்டையாக இறுகிவிட்டிருந்தது. நீங்கள் அழுத்திப் பார்த்தீர்கள். நான் கதவிடுக்கில் வைத்து நசுக்கட்டுமா என்றேன். விடு, உள்ள இருக்கது உள்ளயே இருக்கட்டும் என்று சிரித்தீர்கள். அது இன்னும் இரண்டாவது தட்டில், என் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. நாலு சுளை இருந்ததா என்று நாம் கடைசிவரை பார்க்கவில்லை. வெளியே சொல்லியிருப்பதை நம்பவேண்டியதுதான்.

இனிச்சுது என்று கடைக்காரம்மாவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். கூட வரும் அக்காவை எங்கே காணோம் என்று கேட்டார், சீசனுக்குச் சீசன் சேர்ந்து வருவீர்களே என்று. வீட்டில் இருக்கிறார்கள் என்று போர்வையைத் தட்டிக்கொடுத்தேன். மழையில் நனையாமல் உங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு வருஷத்தில் நேற்றுத்தான் யாரையாவது அப்படிப் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டார். வேலை ஆகிவிட்டதா? ஆகிவிட்டது. பூ என்ன? பிச்சி. தலையை ஆட்டினார், அவளுக்குப் பிச்சிதான் பிடிக்கும் என்றார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஃப்ரேம் வரும்போது தாமரை எங்கே என்று கேட்பார். அப்போது இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது யாருக்கும் தெரியாது. இது அச்சாகி வரும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும். அண்ணன் படிக்கமாட்டார், அவர் எதைப் படிப்பார் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

இன்று காலை பொட்டுகளுக்கு நடுவில் முகத்தைப் பொருத்த முடியாமல் எழுந்த பிறகு, கூடத்தில் உங்கள் படம் வரப்போகும் சுவரைப் பார்த்தேன். அண்ணன் ஏற்கெனவே ஆணி அடித்துவிட்டார். அந்த ஆணிக்கு முதுகைக் கொடுத்து நின்று நேராகப் பார்த்தால் என் அறையின் வாசல். கதவு திறந்திருந்தால் என் கட்டிலுக்கு மேலே இருக்கும் சுவர். வெறும் சுவர். இத்தனை வருஷத்தில் அதில் நான் ஒரு காலண்டர்கூட மாட்டியதில்லை. ஆணி அடிக்கலாமா என்று யாரிடமாவது கேட்கவேண்டுமோ என்று இருந்தது.

வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து வரும்போது ஆணி வாங்கிவருவேன். நானே அடிப்பேன். அண்ணனின் ஆணி எந்த உயரமோ அதே உயரத்தில். பலகையை அங்கே மாட்டிவிட்டுக் கதவை முழுசாகத் திறந்துவைப்பேன். கூடத்தில் அண்ணன் பார்த்த கோமதி, பிச்சிப்பூவோடு, இடது கையில் பழத்தோடு. உள்ளே நீங்கள் பார்த்த கோமதி. ஒருவரைத் திருப்பிப் போட்டால் இன்னொருவர். இவர் அவரைப் பார்த்தால் கண்ணாடி பார்ப்பதைப்போலத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் பழந்துணியோடு பலகையை எடு என்று அண்ணன் சொல்வார். இல்லண்ணே, அது இந்த வீட்லதான் இருக்கும் என்று சொல்லப்போகிறேன். உங்களுக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தால் என் அறைப் பக்கம் திரும்பவேண்டாம், ஆனால் கதவைச் சாத்தமாட்டேன் என்றும் சொல்வேன். கோபத்தில் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அதோடு நீயும் போ என்று சொல்லிவிட்டால் எங்கே போவது என்பதும் தெரியாது. பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் நான் முதன்முதலாகச் சொல்லப்போகிற இல்லை இது.

ஆனாலும் சொல்லுவேன் மதினி. உங்கள் முழங்கையை நான் விடவில்லை, இதையும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார், நாலாவது சுளை,
வடிவு